திரியும் கதிரும்: ஒளிப் பாடத்தின் வரலாறு

முன்னுரை

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில், பள்ளி அறிவியல் பாடத்தைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். கவிதை பயில்வோரும் கவிதை படைப்போரும் கூடும் அவையில் ஒளிவிலகலையும் சூரிய மின்கலத்தையும் பேசுவது பொருந்துமா என்னும் தயக்கம் எனக்கும் இருந்தது. ஆயினும் இக்கட்டுரைக்கு வித்திட்டது சொல் பற்றிய ஒரு வருத்தமே ஆதலின், இதனை இவ்வவையில் வைப்பதே முறை எனக் கருதினேன்.

1990களின் முற்பகுதியில் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் பயின்றவள் நான். மாலையில் மின்சாரம் நின்றுபோவது அந்நாளில் வாடிக்கை. அம்மா அரிக்கேன் விளக்கை ஏற்றி நடுவில் வைப்பார்; நானும் என் தம்பியும் இருபுறமும் அமர்ந்து படிப்போம். அவ்வாறு படித்தவற்றுள் ஒன்று ‘நுண்புழை ஏற்றம்’. மிக நுண்ணிய குழாய்களின் வழியே நீர்மங்கள் தாமே மேலேறும் இயல்பு என்னும் அவ்வரையறையை நூறு முறை சொல்லி நெஞ்சில் இருத்தினேன். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணும் பெற்றேன். என் முன்னே எரிந்துகொண்டிருந்த விளக்கின் திரியில் மண்ணெண்ணெய் மேலேறியதும் அதே இயல்பினால்தான் என்பதை நான் உணர்ந்தபோது எனக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. அப்போது முனைவர் பட்டமும் பெற்றிருந்தேன். விளக்கு வரையறைக்கு வெளிச்சம் தந்தது. வரையறை விளக்கின்மேல் சிறிதும் வெளிச்சம் பாய்ச்சவில்லை. இதில் எந்த ஆசிரியரையும் குறை கூறுவதற்கில்லை. பாடம் அமைக்கப்பட்டிருந்த முறை அத்தகையது.

இம்முறை எவ்வாறு தோன்றியது? இதற்கு மாற்றாக, மாணவர் வாழும் சூழலிலிருந்தே ஒளியையும் ஆற்றலையும் கற்பிக்கும் முயற்சிகள் எங்கெங்கு நிகழ்ந்தன? அவை ஏன் தளிர்த்தன, ஏன் வாடின? இவ்வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

மெழுகுவர்த்தி கற்பித்த பாடம்

சூழல்வழி அறிவியல் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் ஒரு மெழுகுவர்த்தியைக் கடந்து செல்ல இயலாது. இலண்டன் மாநகரின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825ஆம் ஆண்டு முதல் சிறார்க்கெனக் கிறித்துமசு விடுமுறைச் சொற்பொழிவுகள் நிகழ்ந்து வருகின்றன. 1827 முதல் 1860 வரை அவற்றுள் 19 தொடர்களை நிகழ்த்தியவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் ஒருவரின் மகனாக 1791இல் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் பயிலாளாக இருந்து, கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றவர் அவர். அம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளைத் தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பி, 1813இல் அந்நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். மின்காந்தத் தூண்டலை 1831இல் கண்டறிந்த அதே மனிதர், முதுமையில் சிறுவர்முன் நிற்கும்போது தம் பெருங்கண்டுபிடிப்பை விடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் எரிந்த மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1848இலும், பின்னர் 1860–61இலும் அவர் இப்பொருள்பற்றி ஆறு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். பிந்திய தொடரை வில்லியம் குரூக்சு 1861இல் நூலாக வெளியிட்டார்.

அச்சொற்பொழிவுகளின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. முதலில் மெழுகுவர்த்தி எவ்வெப்பொருளால் ஆகின்றது என்று காட்டுகின்றார். மாட்டுக்கொழுப்பு, திமிங்கிலத்திலிருந்து பெறும் மெழுகு, தேன்மெழுகு, பாரஃபின் என வகைவகையான மெழுகுவர்த்திகள் மேசைமீது வைக்கப்படுகின்றன. அடுத்து, சுடரைச் சுற்றி உருகிய மெழுகு ஏன் வழிந்துவிடாமல் கிண்ணம்போல் நிற்கின்றது என்று கேட்கின்றார். அக்கிண்ணத்திலிருந்து எரிபொருள் திரியின் நுனிக்கு ஏறுவது எவ்வாறு என்பதைக் காட்ட, உப்பினால் ஆன சிறு தூண் ஒன்றைத் தட்டில் நிறுத்தி நீலம் ஏற்றிய உப்புநீரை அதன் அடியில் ஊற்றுகின்றார். நீலம் மெல்ல மேலேறுகின்றது. கைகழுவியபின் தொட்டியின் விளிம்பில் போட்ட துண்டு நீரை உறிஞ்சித் தரையில் சொட்டவிடுவதும் இதனால்தான் என்கின்றார். என் வீட்டு அரிக்கேன் விளக்கு எனக்குச் சொல்லத் தவறியதை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் உப்புத்தூண் இலண்டன் சிறுவர்க்குச் சொல்லிவிட்டது.

ஒளியைப் பற்றி அவர் காட்டிய காட்சி இன்னும் வியப்பானது. மின்விளக்கின் பேரொளியின்முன் மெழுகுவர்த்தியை வைத்து அதன் சுடரின் நிழலைத் திரையில் வீழ்த்துகின்றார். சுடருக்கும் நிழல் உண்டு! அந்நிழலில் மிக இருண்டு தோன்றும் பகுதி எதுவெனின், சுடரின் மிக ஒளிமிக்க பகுதியே. அங்கே எரியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்கின்றன; அத்துகள்களே பேரொளியை மறைத்து நிழலும் தருகின்றன. விளக்கின் ஒளிக்கும் சிம்னியின் கரிக்கும் உள்ள உறவு இவ்வொரு காட்சியில் விளங்கிவிடுகின்றது. இறுதிச் சொற்பொழிவில், மெழுகுவர்த்தி எரிவதற்கும் மாந்தர் மூச்சுவிடுவதற்கும் உள்ள ஒப்புமையைக் கூறி, விலங்குகள் வெளிவிடும் கரியமில வாயுவைப் பயிர்கள் ஏற்று வளர்வதையும் சுட்டி முடிக்கின்றார். திரியில் தொடங்கிய பாடம் உலகின் உயிர்ச்சுழற்சியில் நிறைவுறுகின்றது. ‘சூழலிலிருந்து கருத்துக்கு’ என்று இன்று கல்வியாளர் கூறும் நெறி இதுவே.

வரையறை முன்வந்த காலம்

ஃபாரடேயின் அவையில் அமர்ந்தவர் பெரும்பாலும் வசதி படைத்தோரின் பிள்ளைகள். ஆனால் அதே நாட்டில், அதே காலத்தில், ஏழை உழவர் பிள்ளைகளுக்கும் இத்தகைய பாடம் கிடைத்தது என்பது பலரும் அறியாத செய்தி. ஹாம்ப்சயர் மாவட்டத்துக் கிங்ஸ் சாம்போர்ன் என்னும் சிற்றூரில் ரிச்சர்டு டாஸ் என்னும் பாதிரியார் 1842இல் ஒரு பள்ளியைத் திறந்தார். அடுப்பு, கெண்டி, சாளரம், வயல் என்று பிள்ளைகள் நாளும் காணும் பொருள்களிலிருந்தே அங்கு அறிவியல் கற்பிக்கப்பட்டது. ‘பொதுப்பொருள்களின் அறிவியல்’ என்று இவ்வியக்கம் பெயர்பெற்றது. அரசின் பள்ளி ஆய்வாளர்களும் இதனைப் பாராட்டினர்.

இவ்வியக்கத்தை வாடச் செய்தவற்றுள் முதன்மையானது ஒரு தேர்வுமுறை. 1862இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த திருத்தக் கல்விவிதிகளின்படி, எழுத்து, படிப்பு, கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளைகள் பெறும் தேர்ச்சியை அளவாகக் கொண்டே பள்ளிக்கு மானியம் வழங்கப்பட்டது. மானியத்துக்கு உதவாத அடுப்பும் கெண்டியும் வகுப்பறையை விட்டு வெளியேறின. சென்னை மாகாணத்திலும் அக்காலத்தில் தேர்ச்சிக்கேற்ற மானியமுறை புகுந்தது. நம் வகுப்பறைகளில் வரையறை முதலிலும் வாழ்க்கை இறுதியிலும் வந்து நின்றதற்கு இம்மரபு ஒரு காரணம் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வேறொரு திருப்பம் நேர்ந்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1956இல் ஜெரால்டு சகரையாஸ் என்னும் இயற்பியலாளரின் முயற்சியால் புதிய பள்ளி இயற்பியல் பாடத்திட்டம் ஒன்று உருவாகத் தொடங்கியது. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியபின் அதற்கு விரைவும் பொருளும் மிகுந்தன. 1960இல் வெளிவந்த அந்நூல் ஒளிக்கும் அலைகளுக்கும் தனிப்பகுதியே ஒதுக்கியது. அது மனப்பாடத்தை எதிர்த்த நல்ல நூல்தான். ஆனால் அது காட்டிய ஒளி, ஆய்வாளனின் ஒளி. இயற்பியலின் உள்ளமைப்பை மாணவன் ஓர் இளம் இயற்பியலாளனாக நின்று காண வேண்டும் என்பது அதன் நோக்கம். வீட்டுக்கு விளக்கு எங்கிருந்து வருகின்றது, அதன் செலவு என்ன, அதன் புகையை மூச்சில் ஏற்பவர் யார் என்னும் வினாக்களுக்கு அங்கு இடமில்லை.

சூழல் மீண்டு வந்தது

அவ்வினாக்களுக்கு இடம் தேடிய முயற்சிகள் 1970களில் தொடங்கின. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1972 முதல் 1986 வரை இயங்கிய பிளான் என்னும் பாடத்திட்டப் பணி அவற்றுள் முன்னோடி. இசை, போக்குவரத்து, வானிலை மாற்றம், கதிர்வீச்சு என்று வாழ்வின் பகுதிகளையே பாடத்தலைப்புகளாக வைத்து, அவற்றுக்குத் தேவையான இயற்பியலை அவற்றினூடே கற்பித்தது அது. ஒவ்வொரு பகுதியும் ஒரு வினாவோடு தொடங்கும். அவ்வினாவுக்கு விடைகாணக் கற்றவற்றைக் கொண்டே மாணவர் இறுதியில் ஒரு முடிவெடுக்க வேண்டும்.

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் 1983இல் தொடங்கிய சால்ட்டர்ஸ் பாடத்திட்டம் அடுத்தது. உப்பு வணிகரின் பழங்குழுவான சால்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஆதரவால் அது அப்பெயர் பெற்றது. வேதியியலில் தொடங்கிப் பின் இயற்பியலுக்கும் வந்தபோது, கொம்புத் தொழிலாளரின் பழங்குழு ஒன்றும் இம்முயற்சிக்குத் துணைநின்றது. கண்ணாடி அரிதாயிருந்த காலத்தில், மாட்டுக் கொம்பை மெல்லிய தகடாகச் சீவி, விளக்குக் கூண்டுகளுக்கு ஒளி ஊடுருவும் பலகணியாகச் செய்து தந்தவர்கள் அத்தொழிலாளர்கள். விளக்கைக் காற்றிலிருந்து காத்தவர்களின் வழிவந்த குழு, ஒளிப் பாடத்துக்கும் துணைநின்றது என்பது வரலாற்றின் இனிய இயைபு.

சால்ட்டர்ஸ் நெறியின் சாரம் எளியது. எந்தக் கருத்தும் அது தேவைப்படும் இடத்தில்தான் அறிமுகமாக வேண்டும். தேவைப்படாத இடத்தில் அதனைத் திணிக்கலாகாது. காட்டாக, 60 வாட் குண்டு விளக்கும் 9 வாட் எல்இடி விளக்கும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளி தருவன. நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம் எரித்தால் மாதத்துக்கு முன்னது 9 யூனிட்டும் பின்னது 1.35 யூனிட்டும் மின்சாரம் கொள்கின்றன. ‘எஞ்சிய ஆற்றல் எங்கே போயிற்று?’ என்று மாணவி கேட்கும் கணமே, வெப்பம், திறன், பயனுறுதிறன் ஆகிய கருத்துகள் வகுப்பறையில் நுழைய வேண்டிய கணம். கேள்வி எழாமுன் விடையைத் தந்தால் அது விடையாக இராது. வெறும் செய்தியாகவே நின்றுவிடும்.

இந்நெறி பயன் தந்ததா? யார்க் ஆய்வாளர்கள் 8 நாடுகளில் நடந்த 17 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்ட மதிப்பீடு நடுநிலையோடு விடை கூறுகின்றது. சூழல்வழிக் கற்றோர்க்கு அறிவியலின்மேல் விருப்பம் மிகுகின்றது. கருத்துகளைப் புரிந்துகொள்வதில் அவர்கள் மரபுவழிக் கற்றோர்க்கு நிகராகவே நிற்கின்றனர். அறிவு குறையவில்லை, அன்பு கூடியது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

ஹோசங்காபாத்தின் முப்பது ஆண்டுகள்

இந்தியாவில் இச்சிந்தனைக்கு வேர் முன்பே இருந்தது. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவாக வைத்து அதனைச் சுற்றியே பிற பாடங்களை அமைக்கச் சொன்னது. நம் திண்டுக்கல்லை அடுத்து 1947இல் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் அக்கல்வியின் தமிழ்நாட்டு நிலைக்களன்களுள் ஒன்று.

ஆயினும் அறிவியல் பாடத்தையே எடுத்துக்கொண்டு அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் நிகழ்ந்த பெருமுயற்சி ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டமே ஆகும். இன்று நர்மதாபுரம் எனப்படும் அம்மத்தியப்பிரதேச மாவட்டத்தில், 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள் இதனைத் தொடங்கின. 1978இல் இது மாவட்டம் முழுவதும் பரவியது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா என்னும் அமைப்பு இதனைப் பின்னர் ஏற்று நடத்தியது. பிள்ளைகள் நால்வர் நால்வராகக் குழுவாக அமர்ந்து எளிய பொருள்களைக் கொண்டு தாமே சோதனை செய்தனர். வயலுக்கும் ஆற்றுக்கும் சென்று கண்டதை எழுதினர். பாடநூலின் பெயரே ‘இளம் அறிவியலாளர்’ என்னும் பொருளுடையது. அதில் விடைகள் இல்லை, வினாக்களே இருந்தன. தேர்வு எழுதும்போது நூலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்; விடைதான் நூலில் இல்லையே! பிள்ளைகள் எழுதும் ஐயங்களுக்கு மடல்வழி விடைகூற ‘சவாலிராம்’ என்னும் கற்பனைப் பாத்திரம் ஒன்றும் படைக்கப்பட்டது.

முப்பதாண்டுகள் நிகழ்ந்த அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. அத்திட்டத்தில் குறைகள் இருந்திருக்கலாம். ஆயினும் கிங்ஸ் சாம்போர்னின் கதை நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து நர்மதைக் கரையில் மீண்டும் நிகழ்ந்ததை வரலாற்று மாணவர் காணாதிருக்க இயலாது. பொதுவான பாடநூலும் பொதுவான தேர்வும் ஒரு புறம். ஊருக்கு ஊர் வேறுபடும் சூழல் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையில் சூழலே பெரும்பாலும் தோற்கின்றது.

தமிழில் ஒளி

இனித் தமிழுக்கு வருவோம். விளக்கும் திரியும் நம் இலக்கியத்துக்குப் புதியவையல்ல. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், முகில் மூடியதால் கதிரவன் புலப்படாத நாளில், பித்திக மலரின் அரும்பு அவிழும் மணத்தைக் கொண்டே மகளிர் மாலைப்பொழுது வந்ததை அறிந்து, இரும்பு விளக்கில் எண்ணெயில் தோய்ந்த திரியைக் கொளுத்துகின்றனர். கடியாரம் இல்லை, கதிரவனும் இல்லை. சூழலை நோக்கியே பொழுது கணிக்கப்படுகின்றது. பெரும்பாணாற்றுப்படையில், கடலில் வரும் கலங்களுக்குக் கரைகாட்டும் உயர்மாடத்து விளக்கு பேசப்படுகின்றது. ஃபாரடே தம் வாழ்வின் பிற்பகுதியில் கலங்கரை விளக்கங்களின் அறிவியல் அறிவுரையாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர் என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

நம் மண்ணில் பிறந்த ஒளி அறிவியலின் பெருமகனும் சூழலிலிருந்தே தம் வினாவைப் பெற்றார். திருச்சியில் 1888இல் பிறந்த சி.வி. இராமன் 1921இல் கப்பலில் நாடு திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, அது வானின் நீலத்தைக் காட்டும் வெறும் எதிரொளிப்புத்தானா என்று ஐயுற்றார். அவ்வையம் 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவாகவும், 1930இல் நோபல் பரிசாகவும் முடிந்தது. நம் பாடநூல்கள் அவ்விளைவைக் கூறுகின்றன. அக்கடலில் எழுந்த ஐயத்தை மாணவர்க்குக் கைமாற்றுவதே அரிதாக இருக்கின்றது.

சொல்லின் பங்கு இங்கே மிகப் பெரிது. பள்ளிப் பிள்ளைகள் ‘ஒலி’, ‘ஒளி’ என்னும் இரண்டையும் அறிவியலில் படிக்கின்றனர். லகர ளகர வேறுபாட்டை நாவில் இழந்த பிள்ளைக்கு இரண்டும் ஒரே சொல்லாகவே காதில் விழுகின்றன. அறிவியல் குழப்பம் என்று நாம் எண்ணுவதில் ஒரு பகுதி ஒலிப்புக் குழப்பமே. அன்றியும், தமிழில் ‘ஒளி’ என்பது வெளிச்சத்தையும் குறிக்கும், மறைந்திருத்தலையும் குறிக்கும். ஒளிக்கற்றை தூசியின்மேல் படும்போதன்றி நம் கண்ணுக்குத் தோன்றாது என்னும் அறிவியல் உண்மையை, இவ்விரு பொருளையும் சேர்த்துச் சொல்லும் தமிழாசிரியர் ஒரே தொடரில் விளக்கிவிடலாம்.

ஆற்றல் பற்றிய சொற்களும் அவ்வாறே. நீடித்த ஆற்றல், நிலைபேறான ஆற்றல், வளங்குன்றா ஆற்றல் என ஒரே கருத்துக்குத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. ‘நிலைபேறான’ என்பது இலங்கைத் தமிழர் வழக்கில் மிகுதி. முதலிரண்டும் காலத்தைச் சுட்டுகின்றன. மூன்றாவது வளத்தைச் சுட்டுகின்றது. எடுத்தபின்னும் குறையாதிருக்க வேண்டும் என்னும் அறத்தையும் உள்ளடக்குகின்றது. எச்சொல்லை வகுப்பறைக்குத் தருகின்றோமோ அதற்கேற்பவே மாணவரின் சிந்தனையும் தொடங்கும்.

வேப்பமர நிழல்

சென்ற ஆண்டு, அரசுப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் அறிவியல் ஆசிரியை ஒருவர், எட்டாம் வகுப்புக்கெனத் தாம் அமைக்கும் ஒளிப் பாடத்தின் மொழியைத் திருத்தித் தருமாறு என்னைக் கேட்டார். நான் மொழியோடு நின்றுவிடவில்லை. என் இளமையை எண்ணி, பாடத்தை அரிக்கேன் விளக்கிலிருந்து தொடங்குமாறு வற்புறுத்தினேன். அவரும் இசைந்தார். பழைய விளக்கு ஒன்றைத் தேடிப்பிடித்து வகுப்பறைக்குக் கொண்டுசென்றோம்.

பாடம் எடுபடவில்லை. பிள்ளைகள் அவ்விளக்கை அருங்காட்சியகப் பொருளை நோக்குவதுபோல் நோக்கினர். அவர்களுள் ஒருவர் வீட்டிலும் அது இல்லை. மின்சாரம் நின்றால் கைப்பேசியின் விளக்கே அவர்களுக்கு விளக்கு. என் சூழலை அவர்களின் சூழலாக நான் எண்ணிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் பழித்த பாடநூலும் இதனைத்தானே செய்தது! எங்கோ எவர்க்கோ எழுந்த அனுபவத்தைப் பிள்ளையின்மேல் ஏற்றும் செயலில் அதற்கும் எனக்கும் வேறுபாடு இல்லை.

அப்போது பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். “கோயில் பக்கத்துல சோலார் லைட்டு இருக்கு டீச்சர். அது எரிஞ்சு ரெண்டு வருசமாச்சு. அது ஏன் எரியல?” என்றாள்.

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் அரிக்கேன் விளக்கை எடுத்துக் கீழே வைத்தேன். அடுத்த இரண்டு வாரம் அவ்வகுப்பு அவ்விளக்கின் அடியிலேயே நிகழ்ந்தது. கம்பத்தின் உச்சியில் உள்ள பலகையின்மேல் அருகிலிருந்த வேப்பமரத்தின் நிழல் எப்போது விழுகின்றது என்று பிள்ளைகள் மணிக்கு மணி குறித்தனர். முற்பகலிலேயே பலகையின் ஒரு மூலையை மூடும் நிழல் பிற்பகல் வரை நீங்கவில்லை. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பதை அவர்கள் மனப்பாடம் செய்யவில்லை. மரத்துக்கும் பலகைக்கும் கதிரவனுக்கும் கோடிட்டு வரைந்து கண்டனர். பலகையின் ஒரு பகுதிதானே நிழலில் இருக்கின்றது, மற்றப் பகுதி ஏன் போதவில்லை என்று கேட்டபோது, மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதும், ஒன்று தளர்ந்தால் வரிசை முழுதும் தளர்வதும் பாடமாயின. மின்சேமக்கலம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியது என்பதும், பலகைமீது படியும் தூசியைத் துடைக்க வேண்டும் என்பதும் அடுத்து வந்தன. முடிவில் ஒரு சிறுவன், “தொடைக்கிறது யார் வேலை டீச்சர்?” என்று கேட்டான். வளங்குன்றா ஆற்றல் பற்றி நான் படித்த கட்டுரைகள் பலவற்றிலும் இல்லாத வினா அது. கதிரவன் குன்றுவதில்லை, பேணுதலே குன்றுகின்றது.

வேப்பமரத்தை வெட்டிவிடலாமா என்பதுபற்றி வகுப்பில் கடும் வாக்குவாதம் எழுந்தது. கம்பத்தை நகர்த்துவதே முறை என்று முடிவாயிற்று. அவ்விளக்கு இன்னும் எரியவில்லை. பிள்ளைகள் எழுதிய விண்ணப்பம் உரிய இடத்துக்குப் போயிருக்கின்றது.

எஞ்சும் தடைகள்

இவ்வொரு நிகழ்ச்சியைக் கொண்டு பெருமுடிவு காண்பது தகாது. சூழல்வழிப் பாடத்துக்குரிய இடர்கள் உண்மையானவை. சூழலின் கவர்ச்சியில் கருத்து மூழ்கிப்போகலாம். விளக்கைப் பற்றி நிறையப் பேசிய பின்னும் ஒளியைப் பற்றி ஒன்றும் கற்காமல் வகுப்பு முடியலாம். சூழல் காலத்தால் மூப்படையும். என் அரிக்கேன் விளக்கே அதற்குச் சான்று. இடத்தாலும் அது வேறுபடும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. ஆரல்வாய்மொழிப் பிள்ளை காற்றாலைகளின் நிழலிலேயே பள்ளிக்குச் செல்கின்றது. இவ்விரு பிள்ளைகளுக்கும் ஒரே பாடநூல் ஒரே எடுத்துக்காட்டைத்தான் தர இயலும். அதனை ஊருக்கேற்ப மாற்ற ஆசிரியர்க்கு உரிமையும் ஓய்வும் பயிற்சியும் வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய தடை தேர்வு. வேப்பமர நிழலைக் குறித்து முடித்த நாளில், அதே பின்வரிசைச் சிறுமி என்னிடம் வந்து, “இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?” என்று கேட்டாள். கிங்ஸ் சாம்போர்னையும் ஹோசங்காபாத்தையும் படித்திருந்த என்னிடம் அவளுக்குச் சொல்ல விடையில்லை. ‘வராது’ என்பதே உண்மை. அவ்வுண்மையைக் கூறினேன். அவள் தலையசைத்துச் சென்றாள்; மறுநாளும் நிழலைக் குறிக்க வந்தாள்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் சில செய்திகள் தெளிவாகின்றன. சூழலிலிருந்து ஒளியைக் கற்பித்தல் புதுமையன்று; இரு நூற்றாண்டுகளாக அது மீண்டும் மீண்டும் தோன்றியுள்ளது. அது பெரும்பாலும் அறிவுக்குறையால் தோற்கவில்லை. அளக்கும் முறையால் தோற்றது. அதனை ஒவ்வொரு முறையும் மீட்டவர், பிள்ளையின் கண்முன் இருக்கும் பொருளைத் தாமும் கண்ணால் கண்டவர்.

கண்முன் இருப்பதைக் காண்பதும் அதற்குரிய சொல்லைக் கண்டறிவதும் கவிஞரின் தொழில் அன்றோ? 2019 டிசம்பர் 26 காலையில் கோவை முதல் திருச்சி வரையிலான நிலப்பகுதியில் வளையக் கதிர்மறைப்பு தோன்றியபோது, இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, மரநிழலில் ஒளிவளையங்களைத் தரையில் சிந்தும் அரிய வாய்ப்பு அமைந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபு அறிஞர் இபின் அல்ஹைதம் கதிர்மறைப்பின் உருவத்தைத் துளைவழியே ஆராய்ந்து எழுதிய அதே காட்சி அது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகளை அன்று வெளியே அழைத்து அதனைக் காட்டியவர் எவரோ, அவரே அன்றைய ஒளியாசிரியர்.

ஆகவே நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோளை வைத்து அமைகின்றேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரோடு ஒரு நாள் அமருங்கள். விளக்கு, நிழல், வெயில், காற்று, எரிபொருள் ஆகியவற்றுக்கு அவ்வூரார் வழங்கும் சொற்களைத் தொகுத்துத் தாருங்கள். பிள்ளைகள் கேட்கும் வினாக்களையும் உடன் குறித்து வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவ்வினாக்களுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கலாம். நான் முதலாவதாகத் தரவிருப்பது அந்தச் சிறுவனின் வினா: துடைப்பது யார் வேலை?